ஸ்கின் வியாபாரம்: சந்தையில் காட்டும் விலையும் கைக்கு வரும் காசும் (பெஸ்தாரி ஜெயா, கோலசிலாங்கூர் பக்கத்து ஆட்கள் வாருங்கள்)

ஆற்றங்கரை | வெள்ளி, இரவு 10.12

வணக்கம். இந்த ஊரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கவுண்டர்-ஸ்டிரைக் 2 என்ற கணினித் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். ஆடட்டும், நானும் பழைய 1.6 பதிப்புக் காலத்திலிருந்து ஆடுகிறவன்தான். ஆனால் எஸ்.பி.எம். (படிவம் 5 பொதுத்தேர்வு) எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பையன்கள் சிலர், "வேலைக்குப் போக வேண்டாம், ஸ்கின் வாங்கி வைத்தால் போதும், ஏறிக்கொண்டே போகும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் மாமாக் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசையில் இந்தப் பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது. அதற்காகத்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்கு: ஸ்கின் என்பது துப்பாக்கிக்கும் கத்திக்கும் போடும் வண்ண வேலைப்பாடு. அதனால் குண்டு வேகமாகப் போகாது, குறி கூடாது, அழகு மட்டும்தான். 2013 ஆகஸ்டில் இந்த ஆட்டத்தின் முந்தைய பதிப்புக்குள் வந்தது. ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையின் சந்தையில் ஆட்டக்காரர்களே ஒருவருக்கொருவர் விற்கிறார்கள், வாங்குகிறார்கள்.

பையன்கள் விட்டுவிடும் கணக்கு ஒன்று இருக்கிறது. சந்தையில் ஒரு பொருள் விற்றால் ஸ்டீமுக்கு 5 சதவீதம், ஆட்டத்துக்கு 10 சதவீதம் கட்டணம். விற்பவர் கையில் 100 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வர வேண்டுமானால் வாங்குகிறவர் 115 வெள்ளி கொடுக்க வேண்டும். அப்படியானால், இன்று 100 வெள்ளிக்கு வாங்கிய ஸ்கின் 115 வெள்ளிக்கு ஏறினால்தான் போட்ட காசே திரும்பும். அதற்கு மேல் ஏறுவதுதான் லாபம். சில்லறைப் பொருளில் இன்னும் மோசம்: குறைந்தபட்சக் கட்டணம் இருப்பதால், வாங்குகிறவர் 3 அமெரிக்க சென்ட் கொடுத்தால் விற்றவருக்கு 1 சென்ட்தான் போகும்.

அப்புறம், அந்த 100 வெள்ளியும் ஸ்டீம் வாலட்டில்தான் வந்து உட்காரும். வங்கிக்கு எடுக்க முடியாது. அதில் ஆட்டம் வாங்கலாம், இன்னொரு ஸ்கின் வாங்கலாம். கைப்பேசி பில் கட்ட முடியாது, அம்மாவிடம் கொடுக்கவும் முடியாது. விருப்பப்பட்டு வாங்கிப் போட்டு ஆடுகிறவர்களிடம் எனக்கு ஒரு பேச்சும் இல்லை. இதைச் சம்பளம் என்று நினைக்கும் பிள்ளைகளை நினைத்துத்தான் எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

குட்டிப்புலி | வெள்ளி, இரவு 10.40

அண்ணே, மரியாதையோடு சொல்கிறேன், இது ஒரு பக்கக் கணக்கு. எனக்கு 19 வயது. பங்குச் சந்தையில் கணக்குத் திறக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நிலம் வாங்கக் காசு கிடையாது. 20 வெள்ளி வைத்துக்கொண்டு தோட்டத்துப் பையன் ஒருவன் உள்ளே நுழைந்து விலை எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று பார்க்கக்கூடிய சந்தை இது ஒன்றுதான். வாராவாரம் இலவசமாகக் கிடைக்கும் வரிசையிலிருந்து நிறுவனம் ஒரு கேஸை (சாவி வாங்கித் திறந்தால் ஏதோ ஒரு ஸ்கின் விழும் பெட்டி) எடுத்துவிட்டால் வரத்து குறைகிறது, திறக்கிறவர்கள் திறந்துகொண்டே இருக்கிறார்கள், விலை ஏறுகிறது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன். வரத்து, தேவை என்று படிவம் 4 புத்தகத்தில் படித்தது எனக்குப் புரிந்ததே இங்கேதான்.

நான் கேஸ் திறப்பதில்லை. பிரைம் (காசு கட்டி எடுக்கும் கூடுதல் தகுதி) இருப்பதால் வாரத்தில் ஒருமுறை நிலை ஏறும்போது 4 பொருளில் 2 எடுத்துக்கொள்ளலாம். அதில் வரும் கேஸை விற்று வாலட்டில் சேர்த்து, தள்ளுபடி வரும்போது ஆட்டங்கள் வாங்குகிறேன். இதில் என்ன குறை?

ஆற்றங்கரை | வெள்ளி, இரவு 10.58

தம்பி, நீ செய்வதில் ஒரு குறையும் இல்லை. இலவசமாக வந்ததை விற்று ஆட்டம் வாங்குகிறாய். வாலட் காசு எதற்கு இருக்கிறதோ அதற்கே செலவாகிறது. எல்லாரும் உன்னைப்போல் நடந்தால் நான் இந்த இழையே தொடங்கியிருக்க மாட்டேன்.

ஆனால் அந்த மேசையில் இருந்த பையன் கையில் இருந்த 300 வெள்ளியைக் கேஸில் போட்டு வைத்திருக்கிறான். ஏறினால் மோட்டார் வாங்குவானாம். வாலட் காசில் எந்தக் கடையில் மோட்டார் கிடைக்கும்?

மீனா_தாமான் | சனி, காலை 8.05

நான் ஆடுகிறவள் இல்லை. என் மகன் ஆடுகிறான், 15 வயது. இந்த இழையை என் தம்பி அனுப்பினான். தீபாவளிக்கு உறையில் வந்த அங்பாவ் காசு எல்லாவற்றையும் கொண்டுபோய் வாலட்டில் காசு ஏற்றும் ஸ்டீம் கார்டு வாங்கி, "சாவி" வாங்கி, பெட்டி பெட்டியாகத் திறந்திருக்கிறான். கேட்டால் "கத்தி விழும்மா, விழுந்தால் ஆயிரக்கணக்கில்" என்கிறான். எனக்கு ஒரே கேள்விதான். இது சூதாட்டமா இல்லையா? நேராகச் சொல்லுங்கள், நான் பயப்பட மாட்டேன்.

நள்ளிரவு_ராவாங் | சனி, காலை 9.31

அக்கா, பெட்டி திறப்பதும் ஸ்கின் வாங்குவதும் வேறு வேறு. சந்தையில் ஒரு ஸ்கின்னை நேராக வாங்கினால் எது வரும் என்று தெரிந்து காசு கொடுக்கிறோம். பெட்டி திறக்கும்போது எது வரும் என்று தெரியாது, சாவிக்கான காசு மட்டும் நிச்சயம் போகும். ஒரு சாவி 2.49 அமெரிக்க டாலர்.

எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பது 2017-இல் சீனாவில் வெளியானது, அங்கே சட்டப்படி வெளியிட வேண்டியிருந்தது. பொருள் எவ்வளவு அரிது என்பதை நிறம் காட்டும்: நீலம் 79.92 சதவீதம். ஊதா 15.98. இளஞ்சிவப்பு 3.20. சிவப்பு 0.64. கத்தி அல்லது கையுறை 0.26.

0.26 சதவீதம் என்றால் சராசரியாக 385 பெட்டிக்கு ஒரு கத்தி. 385 சாவிக்கு மட்டும் ஏறக்குறைய 958 டாலர், பெட்டியின் விலை தனி. இதில்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். "384 திறந்துவிட்டேன், அடுத்தது கத்திதான்" என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனி. முன்னால் திறந்தது எதையும் அது நினைவில் வைப்பதில்லை. 100 பேர் ஆளுக்கு 385 பெட்டி திறந்தால், அவர்களில் 37 பேர் அளவுக்குக் கத்தியே பார்க்காமல் எழுந்து போவார்கள். சிலருக்கு இரண்டு, மூன்று விழும். யூடியூபில் நாம் பார்ப்பது அந்தச் சிலரைத்தான்.

விழுகிற கத்தி எல்லாமே விலை உயர்ந்ததும் இல்லை. சாவிக்குப் போட்டதில் பாதிகூட வராத கத்திகள் நிறைய இருக்கின்றன.

சூதாட்டமா என்று கேட்டீர்கள். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் இப்படிப்பட்ட பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வருகின்றன என்று சொல்லிவிட்டது. அந்த நாட்டில் இருந்துகொண்டு பெட்டி திறக்க முடியாது. என் கருத்தைக் கேட்டால்: காசு போடுகிறோம், முடிவு அதிர்ஷ்டத்தில் இருக்கிறது, வருவதை இன்னொருவருக்கு விற்கலாம். நான்கு இலக்க நம்பர் லாட்டரி எழுதும் கடைக்கு 15 வயதுப் பையனை அனுப்புவீர்களா? மாட்டீர்கள். அதே மனத்தோடு இதற்கும் இல்லை என்று சொல்லலாம்.

தென்னமரத்தான் | சனி, காலை 9.50

37 பேரா! இதை அச்சடித்து என் தம்பியின் கணினி மேல் ஒட்டப்போகிறேன்.

மீனா_தாமான் | சனி, காலை 10.02

புரிகிறது தம்பி, நன்றி. இனிமேல் பெட்டி கிடையாது. ஆனால் ஏற்கெனவே அவனுக்கு ஒரு சிவப்புத் துப்பாக்கி விழுந்திருக்கிறது. அதை என்ன செய்வது? வெளியில் ஒருவர் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று அவனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்.

நள்ளிரவு_ராவாங் | சனி, காலை 10.06

அக்கா, அந்த ஆளுக்கு இப்போதைக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள். அவர் அனுப்பிய இணைப்பு ஏதாவது இருந்தால் தொட வேண்டாம். விவரமாக எழுதுகிறேன், வேலையில் இருக்கிறேன்.

தராசுக்காரர் | சனி, நண்பகல் 12.20

பிள்ளைகளா, நான் செம்பனை ஆலையில் எடை மேடையில் வேலை பார்த்தவன். என் பேரன் இதைக் காட்டினான். ஒரு சந்தேகம். ஒரே பெயர் உள்ள துப்பாக்கி ஒரு பக்கத்தில் 40 வெள்ளி, இன்னொரு பக்கத்தில் 200 வெள்ளி போட்டிருக்கிறதே, யார் தரம் பிரிக்கிறார்கள்?

எங்களிடம் லாரி வந்து நின்றால் குலையைக் கொட்டிப் பார்ப்போம். காய் எத்தனை, பழுத்தது எத்தனை, நீளக் காம்பு எத்தனை என்று பார்த்துக் கழிப்போம். விலைக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. செம்பனை வாரியம் எண்ணெய்ப் பிழிவு விகிதத்தை வைத்து விலை காட்டும், சிறுதோட்டக்காரர் அதைப் பார்த்துவிட்டு வந்து எங்களிடம் சண்டை போடலாம். இங்கே அந்த மாதிரி ஏதாவது உண்டா, அல்லது விற்பவன் சொன்னதுதான் விலையா?

குட்டிப்புலி | சனி, மதியம் 1.15

ஐயா, சரியான கேள்வி கேட்டீர்கள். இங்கேயும் தரம் உண்டு, அதை ஃப்ளோட் என்போம். ஒவ்வொரு ஸ்கின்னும் உருவாகும்போதே 0-க்கும் 1-க்கும் நடுவில் ஓர் எண்ணோடு வருகிறது. எண் குறைவாக இருந்தால் புதிதாகத் தெரியும், கூடினால் தேய்ந்து உரிந்து தெரியும். 0.07 வரை ஃபேக்டரி நியூ, 0.15 வரை மினிமல் வேர், 0.38 வரை ஃபீல்ட்-டெஸ்டட், 0.45 வரை வெல்-வோர்ன், அதற்கு மேல் பேட்டில்-ஸ்கார்ட். எவ்வளவு ஆடினாலும் அந்த எண் மாறாது. நீங்கள் பார்த்த 40 வெள்ளியும் 200 வெள்ளியும் அதனால்தான்.

புதிதாக வருகிறவர்கள் இதில் ஒன்றைக் கவனிப்பதில்லை. எல்லா ஸ்கின்னுக்கும் 0 முதல் 1 வரை முழு வீச்சு கிடையாது. ஏ.கே.-47 ரெட்லைன் 0.10-இல்தான் தொடங்குகிறது, அதனால் ஃபேக்டரி நியூ ரெட்லைன் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. ஏ.டபிள்யூ.பி. அசிமோவ் 0.18-இல் தொடங்குகிறது, ஃபீல்ட்-டெஸ்டட்தான் அதற்கு மேல்தரம். "என்னிடம் ஃபேக்டரி நியூ அசிமோவ் இருக்கிறது, மலிவாகத் தருகிறேன்" என்று எவனாவது சொன்னால் அந்த இடத்திலேயே அவனைப் பிளாக் செய்துவிடலாம்.

எல்லையில் நிற்கும் ஸ்கின்னிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 0.151 ஃபீல்ட்-டெஸ்டட் விலையில் கிடைக்கும், கண்ணுக்கு மினிமல் வேர் மாதிரியே இருக்கும். ஆடுவதற்கு வாங்குகிறவர்கள் அப்படிப்பட்டதைத் தேடி வாங்க வேண்டும். நான் அப்படித்தான் வாங்கினேன், பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

விலைக்கு வாரியம் எதுவும் இல்லை ஐயா. கடைசியாக எத்தனை வெள்ளிக்கு விற்றது என்ற வரைபடம் சந்தைப் பக்கத்திலேயே இருக்கிறது. கேட்கும் விலையைப் பார்க்கக் கூடாது, விற்று முடிந்த விலையைப் பார்க்க வேண்டும்.

தராசுக்காரர் | சனி, மதியம் 1.40

நன்றாகச் சொன்னாய் தம்பி. இவ்வளவு விவரம் தெரிந்த பிள்ளை ஆலைக்கு வந்தால் தரம் பார்க்கும் வேலைக்கு உடனே எடுத்துக்கொள்வார்கள். உண்மையாகவே சொல்கிறேன்.

தென்னமரத்தான் | சனி, மாலை 5.26

மீனா அக்கா ரொக்கம் என்று எழுதியதைப் பார்த்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தேன்.

எங்கள் சித்தப்பா மகன் ஒருவன், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன், இப்போது தொழிற்சாலையில் வேலை. ஒரு கத்தியை ரொக்கத்துக்கு வாங்கினான். விற்றவன் முன்பின் தெரியாதவன் இல்லை. ஒரே பள்ளியில் படித்தவன், கோயில் திருவிழாவில் கூட நின்று காவடி தூக்கியவன். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, கண்ணெதிரே கத்தி இவன் கணக்குக்கு வந்ததும், டுயிட்நவ் என்ற உடனடி வங்கிப் பணமாற்றம் வழியாகக் காசு அனுப்பினான். கைகொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒரு வாரம் முடிவதற்குள் கத்தி இவன் இன்வென்டரியில் (கணக்கிலுள்ள பொருள் இருப்பில்) இல்லை. விற்றவன் டிரேடைத் (ஸ்டீமில் பொருளைக் கைமாற்றியதை) திருப்பிவிட்டான். கேட்டால் "என் அக்கவுண்டை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள், ஸ்டீம் திருப்பியது, எனக்குத் தெரியாது" என்கிறான். காசு? "செலவாகிவிட்டது."

நடந்தது எப்படி என்று எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 ஜூலையில் டிரேட் பாதுகாப்பு என்று ஒன்று வந்தது. டிரேடில் கைமாறும் கவுண்டர்-ஸ்டிரைக் பொருளை 7 நாளுக்கு வேறு யாருக்கும் மாற்ற முடியாது. அந்த 7 நாளுக்குள் கொடுத்தவர் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கணக்கைப் பறிகொடுத்தவர்கள் பொருளை மீட்பதற்காகக் கொண்டுவந்தது, அந்த வகையில் நல்ல ஏற்பாடுதான். திருப்பினால் அந்த 7 நாளில் செய்த எல்லா டிரேடும் சேர்ந்து திரும்பும், அவருடைய கணக்குக்கும் 30 நாள் தடை விழும். 30 நாள் தடையைப் பொறுத்துக்கொண்டால் கத்தியும் மிச்சம், காசும் மிச்சம் என்று ஒருவன் முடிவு செய்துவிட்டால் வாங்கினவன் என்ன செய்வான்? ஸ்டீமுக்கு அந்த டுயிட்நவ் காசு பற்றி எதுவுமே தெரியாது. அதன் கண்ணில் ஒரு கத்தி சும்மா போனது, சும்மா திரும்பியது, அவ்வளவுதான்.

எனக்கு இதில் ஆற மாட்டேன் என்கிறது. நம் ஊரில் எழுத்து இல்லாமல் கைமாற்று கொடுப்பது பழக்கம், "நம்ம பையன்தானே" என்பதுதான் பத்திரம். அந்த நம்பிக்கையை ஒருத்தன் கத்திப் படத்துக்காக விற்றுவிட்டான். இரண்டு வீட்டாரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. சித்தி கடைக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டார்.

ஆற்றங்கரை | சனி, மாலை 6.10

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. புகார் செய்தீர்களா?

தென்னமரத்தான் | சனி, மாலை 6.31

போலீஸில் புகார் செய்தோம். செய்திகளையும் காசு அனுப்பிய ரசீதையும் அச்சடித்துக் கொடுத்தோம். ஒரே ஊர் என்பதால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் வேண்டாம் என்றார்கள். நான்தான் பிடிவாதமாக அழைத்துக்கொண்டு போனேன். தெரிந்தவன் என்று விட்டால் அடுத்து இன்னொரு வீட்டுப் பிள்ளை மாட்டும்.

நள்ளிரவு_ராவாங் | சனி, இரவு 8.45

செய்தது சரி. மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். காசு போய்விட்டது என்று தெரிந்த உடனே 997-க்கு அழையுங்கள், தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையம், 2022 அக்டோபரில் தொடங்கியது. கூடவே உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கும் அழையுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்தால் காசு நாலு கணக்கு தாண்டிப் போயிருக்கும். தெரியாத ஒருவருக்கு அனுப்புவதற்கு முன்னால் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அவருடைய வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போட்டுப் பாருங்கள். புகார் ஏதும் பதிவாகியிருந்தால் காட்டும். ஒன்றும் இல்லை என்று வந்தால் நல்லவர் என்று அர்த்தம் இல்லை, இன்னும் யாரும் புகார் செய்யவில்லை என்றும் இருக்கலாம்.

மீனா அக்கா, உங்கள் மகனுக்குச் செய்தி அனுப்பிய ஆளைப் பற்றி. வழக்கமாக நடப்பது இப்படி. "உன் ஸ்கின்னை இந்தத் தளத்தில் விலை பார்த்துவிட்டு வா" என்று ஓர் இணைப்பு அனுப்புவார்கள். அல்லது "எங்கள் அணிக்கு ஓட்டுப் போடு" என்பார்கள். திறந்தால் ஸ்டீமில் நுழைவதற்கான சின்ன ஜன்னல் வரும். பார்க்க அசலாகவே இருக்கும், மேலே முகவரிகூட ஒழுங்காக எழுதியிருக்கும். அந்த ஜன்னலைப் பிடித்து உலாவிக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். அசல் ஜன்னல் திரையில் எங்கே வேண்டுமானாலும் நகரும். போலி, பக்கத்தின் ஓரத்தில் முட்டி நின்றுவிடும், ஏனென்றால் அது பக்கத்துக்குள்ளே வரைந்த படம்.

அதில் கடவுச்சொல்லும் குறியீடும் போட்டுவிட்டால், உள்ளே வந்தவன் உடனே எதையும் எடுக்க மாட்டான். கணக்கில் ஓர் ஏ.பி.ஐ. சாவியைப் (பெட்டி திறக்கும் சாவி இல்லை, கணக்கை வெளியிலிருந்து இயக்க உதவும் குறியீடு) பதிந்துவிட்டுக் காத்திருப்பான். பையன் வேறு யாருக்காவது பொருள் அனுப்பும்போது அந்த டிரேடை ரத்து செய்துவிட்டு, அதே பெயர், அதே படம் உள்ள தன் கணக்கிலிருந்து இன்னொன்றை அனுப்புவான். பையன் கைப்பேசியில் உறுதி என்று அழுத்திவிடுவான். அந்த இடத்தில் பெயரையும் படத்தையும் நம்பக் கூடாது. எதிர்க்கணக்கு எந்த ஆண்டில் தொடங்கியது, என்ன நிலையில் இருக்கிறது என்று கைப்பேசியில் காட்டும், அதைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வகையும் இருக்கிறது. "தெரியாமல் உன் கணக்கின் மேல் புகார் செய்துவிட்டேன், இந்த ஸ்டீம் அதிகாரியிடம் பேசு" என்று வருவார்கள். ஸ்டீம் ஊழியர் யாரும் சாட்டில் வந்து பொருளை மாற்றிக் கொடுக்கச் சொல்ல மாட்டார்கள்.

மீனா_தாமான் | சனி, இரவு 9.20

அவன் ஓர் இணைப்பைத் திறந்திருக்கிறான் தம்பி. இப்போதுதான் சொன்னான். அழுகிறான். என்ன செய்ய வேண்டும்?

நள்ளிரவு_ராவாங் | சனி, இரவு 9.23

அவனைத் திட்டாதீர்கள், சொன்னதே நல்லது. துப்பாக்கி இன்னும் இருக்கிறதா பாருங்கள். ஸ்டீம் ஏ.பி.ஐ. பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள், அதில் அவன் பதியாத சாவி இருந்தால் நீக்குங்கள். அப்புறம் ஸ்டீம் கார்ட் (Steam Guard) என்ற பாதுகாப்பு அமைப்பில் மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். அப்புறம் கடவுச்சொல், மின்னஞ்சல் கடவுச்சொல் இரண்டையும் மாற்றுங்கள். எல்லாம் முடியும் வரை எந்த டிரேடும் வேண்டாம்.

குட்டிப்புலி | சனி, இரவு 9.30

அக்கா, நான் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு)தான். என் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா? உட்கார்ந்து ஒன்றாகப் பார்த்துவிடலாம். கடவுச்சொல்லை நீங்களே அடியுங்கள், எனக்குத் தெரிய வேண்டாம்.

மீனா_தாமான் | சனி, இரவு 9.33

வாப்பா. தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன்.

வண்டிக்காரன்_ஈஜோக் | ஞாயிறு, காலை 7.48

இரவு முழுக்க இந்த இழையைத்தான் படித்தேன். எல்லாரும் மோசடியைப் பற்றிப் பேசுகிறீர்கள். மோசடியே இல்லாமல் காசு போகும் வழியும் இருக்கிறது.

2025 அக்டோபர் 22-ஆம் தேதி ஓர் அப்டேட் வந்தது. 5 சிவப்பு ஸ்கின்னைக் கொடுத்தால் ஒரு கத்தியோ கையுறையோ மாற்றிக்கொள்ளலாம் என்று ஆனது. அதற்கு முன்னால் கத்திக்கு அந்த வழியே கிடையாது, பெட்டியில்தான் விழ வேண்டும். ஒரே இரவில் கத்தி விலை சரிந்தது, சிவப்பு விலை எகிறியது. மொத்தச் சந்தை மதிப்பில் ஏறக்குறைய 200 கோடி டாலர் கரைந்தது என்று செய்திகளில் வந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் ஒரு விதியை மாற்றியது, அதற்கு அந்த உரிமை இருக்கிறது. ஸ்டீம் ஒப்பந்தத்தில் நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டும்தான், சொத்து இல்லை.

2019 அக்டோபரிலும் இதேபோல் ஒரு நாள் வந்தது. கடையில் புதிதாக வாங்கும் சாவியை இனிமேல் யாருக்கும் விற்கவோ மாற்றவோ முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். திருட்டுப் பணம் அந்த வழியாகத்தான் வெள்ளையாகிறது என்று நிறுவனமே காரணம் சொன்னது. அதுவரை ஆட்டக்காரர்களுக்குள் சாவிதான் காசு மாதிரி புழங்கியது.

குட்டிப்புலி | ஞாயிறு, காலை 10.15

அண்ணே, அதே 2025 அக்டோபரில் சிவப்பு வைத்திருந்தவர்களுக்கு லாபம் வந்ததே, அதையும் சொல்ல வேண்டும்.

வண்டிக்காரன்_ஈஜோக் | ஞாயிறு, காலை 10.32

வந்தது, மறுக்கவில்லை. ஆனால் முதல் நாள் இரவு யாருக்குத் தெரியும்? தெரியாமல் கிடைத்த லாபத்தை வைத்துக்கொண்டு எஸ்.பி.எம். முடித்த பையனுக்கு வழி காட்ட முடியாது தம்பி. இன்று குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. தோட்டத்தில் வெயிலிலும் மழையிலும் ஒரு மாதம் குலை வெட்டினால் வரும் காசு. அந்த விலைக்குக் கத்தி இருக்கிறது. ஒரு விதி மாறினால் அதில் பாதி காணாமல் போகும் என்று தெரிந்த பிறகு, அப்பா சம்பளத்தை அதில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குட்டிப்புலி | ஞாயிறு, காலை 10.50

அப்பா சம்பளத்தைப் போடச் சொல்லி நானும் சொல்லமாட்டேன். நான் சொல்வது வாராவாரம் இலவசமாக வருவதைப் பற்றி. அதில் கற்றுக்கொள்வதை விட்டுவிடாதீர்கள் என்கிறேன். அப்புறம், விலை உயர்ந்த பொருளை வெளித் தளத்தில் விற்பவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்கள் இல்லை. ஸ்டீம் சந்தையில் 2,000 டாலருக்கு மேல் வாலட்டில் சேராது, ரொக்கமும் கிடைக்காது. வேறு என்ன செய்வார்கள்?

ஆற்றங்கரை | ஞாயிறு, காலை 11.20

அந்தத் தேவை எனக்குப் புரிகிறது. இருந்தாலும் வெளித் தளத்தில் ஒரு சிக்கல் வந்தால் ஸ்டீம் உதவாது, தளம் எந்த நாட்டில் இருக்கிறது என்றே பல நேரம் தெரியாது. விற்க வேண்டிய கட்டாயம் இருக்கும் பெரியவர்கள் அவரவர் பொறுப்பில் செய்துகொள்ளட்டும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், இதில் நான் இறங்கி வரமாட்டேன். நேரில் ரொக்கத்துக்கு வாங்கத்தான் வேண்டும் என்றால் அந்த 7 நாள் முடியாமல் முழுக் காசும் கைமாறக் கூடாது. விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாங்க வேண்டாம், அவர் மாமன் மகனாக இருந்தாலும்.

தென்னமரத்தான் | ஞாயிறு, காலை 11.31

முக்கியமாக மாமன் மகனாக இருந்தால்.

மீனா_தாமான் | ஞாயிறு, மதியம் 2.05

நேற்று இரவு நடந்ததை எழுதுகிறேன். அந்தத் தம்பி தங்கச்சியோடு வந்தார். நள்ளிரவு தம்பி சொன்ன வரிசையிலேயே செய்தோம். ஏ.பி.ஐ. பக்கத்தில் என் மகன் பதியாத ஒரு சாவி உண்மையாகவே இருந்தது. நீக்கிவிட்டோம், எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேற்றினோம், இரண்டு கடவுச்சொல்லும் நானே மாற்றினேன். துப்பாக்கி இருக்கிறது.

இன்று காலை அதை விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று அவனையே கேட்டேன். ஸ்டீம் சந்தையில் விற்கிறேன் என்றான். கட்டணம் போக எவ்வளவு வரும் என்று தாளில் அவனே கணக்குப் போட்டுக் காட்டினான். அந்த வாலட் காசில் தனக்கு ஓர் ஆட்டமும், தங்கைக்குச் சமையல் ஆட்டம் ஒன்றும் வாங்குவானாம். மிச்சம் இருந்தால் மலிவான ஸ்கின் ஒன்று, 0.151 என்று ஏதோ சொல்கிறான். பெட்டி கேட்கவில்லை.

இப்போது பட்டியலிட்டிருக்கிறான். விலையைக் கொஞ்சம் குறைத்துப் போடலாமா என்கிறான். விடலாமா?

குட்டிப்புலி | ஞாயிறு, மதியம் 2.11

குறைக்க வேண்டாம் அக்கா. இன்று ஞாயிறு, நிறையப் பேர் ஆடுவார்கள். விற்று முடிந்த விலை வரைபடத்தை இரவு பத்து மணிக்குப் பாருங்கள். அப்போதும் போகவில்லை என்றால் ஒரு வெள்ளி குறைத்தால் போதும்.